எட்டே காலும் ஐந்தே முக்காலும்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் வயதுக்காரர் ஒருவர், ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "அந்த இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை மண்டையில ஏத்தினாங்களே, அத வச்சு என்னத்தக் கண்டோம்? மீன் வாங்கப் போன இடத்தில யாராவது கேட்டாங்களா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முழங்கால் வலி, சர்க்கரை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று போய்க்கொண்டிருந்த பேச்சுக்கு நடுவில் அது நல்ல பகிடிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கல்யாண வீட்டில் சண்டை போடக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு பாயாசத்தைக் குடித்தேன். இங்கே எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எனக்கு அந்தச் சூத்திரம் பயன்பட்டது. அதுவும் அதைப் பிழையாகத் தெரிந்து வைத்திருந்தபோதுதான் அதிகம் பயன்பட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

உங்களுக்கு மறந்திருக்கும், ஒரு தரம் ஞாபகப்படுத்துகிறேன். சமன்பாட்டில் ஏ, பீ, சீ என்று மூன்று எண்கள். "மறை பீ, சக சய, வர்க்கமூலம் பீ வர்க்கம் சய நாலு ஏ சீ." சக என்றால் கூட்டல், சய என்றால் கழித்தல், மறை பீ என்றால் அடையாளம் மாறிய பீ. இவ்வளவும் மேலே. அதன் அடியில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், ஒரு நீளக் கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு ஏ. மேலே உள்ள எல்லாவற்றையும் கீழே உள்ளதால் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயம் பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தது. அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னைக் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தாள். விடியக் கிளம்பும் பஸ்ஸில் ஏறினால் வத்தேகாமம் தாண்டும்வரை ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருக்கும். பள்ளிக்கூடத்து மதிலில் ஏறி எட்டிப் பார்த்தால் மகாவலிப் பாலம் தெரியும். எட்டிப் பார்த்ததற்காக அடி வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

கணக்கு மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆள். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் எப்போதும் சோக்குத் தூள் இருக்கும். காரணிப்படுத்தல் வரைக்கும் பிழிந்து எடுத்துவிட்டார். விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் யாராவது எழுந்து நின்றால், "போட்டுப் பாத்தனியோ?" என்பார். போட்டுப் பார்த்துப் பூச்சியம் வந்தால்தான் அவருக்கு அது விடை.

ஒரு நாள் அவர் ஒரு பலகை கொண்டுவந்தார். கறுப்புப் பெயின்ட் அடித்த பிளைவூட், அதில் வெள்ளை இனாமலில் சூத்திரம். என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதியின் வாப்பாவுக்கு அக்குறணையில் துணிக்கடை. அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியவரிடமே மாஸ்டர் இதையும் எழுதக் கொடுத்திருந்தார். அதனால் பீ என்ற எழுத்துக்குத் துணிக்கடைப் பலகையில் இருப்பது போலவே ஒரு வால், ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு சாம்பல் நிழல். மாஸ்டர் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, "இது அடுத்த தவணைக்கு. இப்ப பாக்க வேண்டாம்" என்றார். பார்க்க வேண்டாம் என்றதால் யாரும் உண்மையிலேயே பார்க்கவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.

அடுத்த தவணைப் படிப்பு தொடங்குவதற்குள் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. மாஸ்டர் ஏதோ செத்தவீட்டுக்கென்று ஊருக்குப் போயிருந்தார். அப்படியே அங்கே நின்றுவிட்டார். திரும்பி வா என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

எங்கள் லயத்துக்கும் கலவரக்காரர்கள் வந்தார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் எழுதப் போவதில்லை. லொறியில் ஏற்றி எங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் என்னுடைய பள்ளிக்கூடம். அகதி முகாம் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்த இடம் என்னுடைய வகுப்பு. நான் இங்கே படிக்கிற பிள்ளை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? எல்லோரும் பாய்க்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

அந்த அறையின் வாசனை இன்னும் எனக்குத் தெரியும். நனைந்த சாக்கு, லீக்ஸ், பருப்புக் கொதி, டெட்டோல். மேசைகளைச் சேர்த்துப் படுக்கையாக்கினார்கள். பலகையைக் கழற்றி இரண்டு கல்லின் மேல் வைத்து அதில் மரக்கறி வெட்டினார்கள், தேங்காய் துருவினார்கள், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அதன் மேலேயே வைத்தார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். பசித்த பிள்ளைகளுக்கு முன்னால் சூத்திரம் என்ன செய்யும்?

முகாமை மூடிய அன்று எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் அந்தப் பலகையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்தாள். லொறி ஹோர்ன் அடித்தது. "வாம்மா, போவோம்" என்றேன். "இரு, சட்டிக் கரி போகமாட்டேங்குது. படிக்கிற எடத்த அழுக்கா விட்டுட்டுப் போனா என்ன நெனைப்பாங்க?" என்று ஒரு மூலையை மட்டும் மறுபடி மறுபடி தேய்த்தாள். பிறகு முந்தானையால் துடைத்து, சுவரில் பழைய ஆணியிலேயே மாட்டினாள். பளிச்சென்று இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்தது, ஆனால் மாஸ்டருக்குப் பதில் யாரும் வரவில்லை. தலைமையாசிரியரான அதிபரும் இல்லை. உப அதிபர்தான் எல்லாமே. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியை விட்டுப் போகாமல் இருந்த சிலரில் ஒருவர். சரித்திரம் படிப்பிப்பார். கணக்கு அவருக்கு ஓடாது. கணிதப் புத்தகம் தமிழில் வரும் வரும் என்றார்கள், வந்தபோது வருஷம் முடிந்திருந்தது. அரசாங்கத்தின் சாதாரண தரப் பரீட்சை வருகிறது, சூத்திரம் கட்டாயம் வரும். எங்களிடம் இருந்தது பலகை ஒன்றுதான்.

நாங்கள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து நாங்களாகவே படித்தோம். "மறை பீ, சக சய..." என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வோம். ஒரு நாள் சிநேகிதி பலகையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த பீ மட்டும் ஏன் வெளியால ஈக்குது? அதுக்குக் கீழ கோடு இல்லையே?"

"வெளியில நிக்கட்டும். நம்மளும் தானே நிக்கிறோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். கேள்வி அதோடு முடிந்தது. கோடு வர்க்கமூலத்துக்குக் கீழே மட்டும் இருந்தது, அதனால் வர்க்கமூலத்தை மட்டும் பிரித்தோம். மறை பீயை அப்படியே வைத்துக் கூட்டினோம், கழித்தோம். "போட்டுப் பாத்தனியோ?" என்று கேட்க மாஸ்டர் இல்லை, நாங்களும் போட்டுப் பார்க்கவில்லை. பலகையில் இருந்ததை நம்பினோம். பலகையை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அந்த வருஷம் பஸ்ஸில் யாரும் தமிழில் சத்தமாகப் பேசுவதில்லை, உங்களுக்கு அது ஞாபகம் இருக்கும். நான் ஜன்னல் பனியில் விரலால் சூத்திரத்தை எழுதிப் பார்ப்பேன். ஏ, பீ, சீ எல்லாம் ஆங்கில எழுத்து, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, "விபாகயத துவே?" என்று கேட்டார். பரீட்சையா மகளே என்கிறார். வாயைத் திறந்தால் என் சிங்களம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என் கைக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பயமும் நன்றியும் ஒரே நேரத்தில் வந்த காலம் அது.

பரீட்சைக்கு முன்னால் ஒரு முன்னோடிப் பரீட்சை வைத்தார்கள். வினாத்தாளும் விடைகளும் கல்வி இலாகாக் கந்தோரிலிருந்து வந்தன. உப அதிபர் விடையைப் பார்த்துத் திருத்தினார். சூத்திரக் கேள்வி இதுதான்: இரண்டு எக்ஸ் வர்க்கம் சய ஏழு எக்ஸ் சக மூன்று, சமன் பூச்சியம். விடை மூன்றும் அரையும். எங்கள் வகுப்பில் அந்தக் கணக்கைச் செய்த அத்தனை பேரும் எழுதியிருந்த விடை, எட்டே காலும் ஐந்தே முக்காலும்.

மறுநாள் காலைக்கூட்டத்தில், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால், அவர் எங்கள் வகுப்பை எழுப்பி நிறுத்தினார்.

"சரியான விடை எண்டால் எல்லாருக்கும் ஒண்டாய் வரும். பிழை எண்டால் ஆளுக்கொரு பிழை வர வேணும். எல்லாருக்கும் ஒரே பிழை எண்டால் அது களவு. பாத்து எழுதியிருக்கிறியள். இந்த வகுப்பில ஒருத்தற்றை கணிதப் பரீட்சை விண்ணப்பமும் என்ரை கையெழுத்தோடை போகாது. தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவருடைய வாதத்தில் எங்களுக்கே ஓட்டை தெரியவில்லை, அதுதான் கொடுமை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. கணிதம் இல்லையென்றால் அந்தப் பரீட்சையால் பிரயோசனம் இல்லை. மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது. எனக்கு இல்லை. தோட்டத்துக் கங்காணி ஏற்கனவே அம்மாவிடம் கேட்டிருந்தார், மகளுக்கு எப்போது வேலைக்குப் பேர் பதிவது என்று. பரீட்சை இல்லையென்றால் அடுத்த மாதமே கொழுந்துக் கூடை என் முதுகில் ஏறிவிடும். கூடை தூக்குவது கேவலம் என்று சொல்ல வரவில்லை, அம்மா தூக்கிய கூடைதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் களவெடுத்ததால் கூடைக்கு வந்தவள் என்ற பெயரோடு நான் மலை ஏற மாட்டேன் என்று நினைத்தேன்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்று யோசித்தால் தெரிகிறது. ஒரே பிழை எழுதிய விடைத்தாள்கள் கந்தோருக்குப் போய், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டமாகக் களவு என்று யாராவது சொல்லிவிட்டால், இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அவர்கள் கை ஓங்குவதற்கு முன்னால் தானே அடித்துவிட்டார். புரிகிறது. புரிகிறது என்பதற்காக நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பயந்தவர்கள் பிள்ளைகளின் தலையில் கை வைப்பதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை.

அம்மா ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்தாள். இருந்த ஒரே நல்ல சேலை. எங்கள் வகுப்பறையில் தாய் தகப்பன்மார் நாங்கள் வழக்கமாக உட்காரும் வாங்கில் உட்கார்ந்திருக்க, நாங்கள் சுவரோரம் நின்றோம். உப அதிபர் முன்பு சொன்னதையே மறுபடி சொன்னார்.

"எம் புள்ள களவெடுக்க மாட்டா சார்" என்றாள் அம்மா.

"எல்லாத் தாயும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

அம்மா தலையைக் குனிந்தாள். அந்தக் குனிவைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது.

"வேற ஒரு கணக்கு குடுங்க சார்" என்றேன். "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்க. ஒருத்தர் செய்யிறத இன்னொருத்தர் பார்க்க வேணாம். எல்லாருக்கும் தப்புத்தான் வரும். ஒண்ணாப் படிச்சோம், ஒரே தப்பு வரும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிழை விடுவோம் என்று சவால் விட்ட பிள்ளையை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். எங்கோ ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பின்பக்கத்தில் விடையைப் பார்த்து, ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். எக்ஸ் வர்க்கம் சய ஆறு எக்ஸ் சக எட்டு, சமன் பூச்சியம்.

முதலில் சிநேகிதி உள்ளே போனாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். செய்து முடித்தவள் உள்ளேயே நிற்க வேண்டும், வெளியே வரக் கூடாது. அவள் எழுதியதை அழித்துவிட்டுத்தான் அடுத்தவளைக் கூப்பிட்டார். கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது அவருடைய முகம் மாறியிருந்தது. நான் செய்தேன். ஏழும் ஐந்தும் வந்தது. வாங்கில் இருந்த ஒரு தகப்பன் "அடடே" என்றார். எல்லோருக்கும் ஏழும் ஐந்தும்தான்.

"மறுமொழி நாலும் ரெண்டும்" என்றார் உப அதிபர், குரல் இறங்கி.

நான் ஏழைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து வந்தது. நாலைப் போட்டேன், பூச்சியம். காரணி வழியில் செய்தாலும் நாலும் இரண்டும்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆறும் வர்க்கமூலத்தில் வந்த இரண்டும் எட்டு, எட்டில் பாதி நாலு. ஆறில் இரண்டு போனால் நாலு, நாலில் பாதி இரண்டு. அந்த ஆறையும் சேர்த்துத்தான் பாதியாக்க வேண்டும். சோக்கை எடுத்து, நான் எழுதியிருந்த கோட்டை இடப்பக்கமாக இழுத்து, வெளியே நின்ற ஆறுக்கும் அடியில் கொண்டுபோனேன்.

"பலகையில கோடு பாதிதான் இருக்கு சார்" என்றேன்.

பலகையைத் திருப்பினார்கள். அம்மா எழுந்து கிட்டே போய், அந்த இடது மூலையை விரலால் தடவினாள்.

"இங்கதான் சட்டிக் கரி இருந்திச்சு" என்றாள். "நான்தான் தேச்சேன். கோடும் சேந்து போயிருச்சு போல."

உப அதிபருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தது போலிருந்தது. "அதுதான் நான் அப்பவே சொன்னனான். முகாமில இருந்த சனம் பள்ளிக்கூடத்தையே நாசமாக்கிப் போட்டுப் போட்டுது."

அம்மா திரும்பினாள். சற்று முன் குனிந்த தலை இப்போது குனியவில்லை.

"அழுக்கா விட்டுட்டுப் போயிருந்தா தோட்டத்து ஆளுங்க இப்படித்தான்னு சொல்லியிருப்பீங்க. அதுக்குத்தான் சார் தேச்சேன். அழுக்கா வச்சாலும் நாங்க, தேச்சாலும் நாங்களா?"

உப அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"சரி. விண்ணப்பத்தில கையெழுத்து வைக்கிறன். அந்தக் கேள்விக்கு மட்டும் மார்க் இல்லை."

"மார்க்க வெட்டுங்க சார்" என்றேன். "தப்புக்கு வெட்டுங்க, களவுக்கு வெட்டாதீங்க. கூட்டத்தில எல்லார் முன்னாலயும் களவுன்னு சொன்னீங்க. எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொல்லணும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை.

விண்ணப்பங்கள் போயின. பரீட்சை எழுதினேன், பாஸானேன், உத்தியோகம் பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். அதெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். நான் சொல்ல வந்தது மறுநாள் காலையில் நடந்தது.

காலைக்கூட்டத்தில் உப அதிபர் கக்கூசுச் சுத்தம் பற்றிச் சொன்னார். ஊரடங்கு நேரத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போவது பற்றிச் சொன்னார். எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "கலையலாம்" என்றார். மற்ற வகுப்புகள் கலைந்தன. நான் நகரவில்லை. சிநேகிதி என்னைப் பார்த்தாள், அவளும் நகரவில்லை. முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எங்கள் வகுப்பு முழுவதும் வரிசையாக நின்றது. முதல் பாடத்துக்கு மணி அடித்தது. வெயில் ஏறியது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

அவர் விறாந்தைக்கு வந்தார். "ஏன் நிக்கிறியள்? வகுப்புக்குப் போங்கோ."

யாரும் அசையவில்லை. பாலத்துப் பக்கமிருந்து சிப்பாய்கள் ஏறிய ஒரு ஆமி ட்ரக் வந்து, கேட்டுக்கு நேரே மெதுவானது. அவர் படி இறங்கி எங்களுக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளையள், ரோட்டால ஆமி போகுது. இப்பிடிக் கூட்டமாய் நிக்கக் கூடாது. சொல்லுறதைக் கேளுங்கோ."

அவர் சொன்னது உண்மை. பக்கத்தில் ஒருத்தி அழுதாள். அழுதவளும் நின்ற இடத்தில்தான் நின்றாள்.

"நீங்க சொல்லிட்டா போயிருவோம் சார்" என்றேன்.

ட்ரக் போய்விட்டது. அவர் அதே இடத்தில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல சேர்" என்றாள் சிநேகிதி.

அவர் நிமிர்ந்தார். எங்களைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். சரித்திரம் படிப்பிக்கும் குரலில், கடைசி ஜன்னல் வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த வகுப்புப் பிள்ளையள் களவெடுக்கேல்லை. பிழை விட்டவை. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகுதான் நாங்கள் நகர்ந்தோம்.